எந்தப் பக்கத்து வியாதி?

"உங்க பக்கத்துலேர்ந்துதான் வந்திருக்கும். எங்க குடும்பத்துல யாருக்கும் தும்மலுக்கு மேல எதுவும் வந்ததில்ல" என்றாள் அம்மா.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க அண்ணன் கழுத்துல தொங்குச்சே, அது என்ன, செயினா?"

"அது கொழுப்புக் கட்டி."

"கொழுப்பு உங்க குடும்பத்துக்குப் புதுசா என்ன?"

மேஜைக்கு இந்தப் பக்கம் புற்றுநோய் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது அம்மா வழியா, அப்பா வழியா டாக்டர்?" என்று மகன் கேட்டதுதான் தாமதம், இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். கொளுத்திப் போட்டவனோ கழுத்தில் பிளாஸ்திரியோடு நடுவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வழியும் இல்ல. இது லிம்போமா. பி செல்னு ஒரு வெள்ளணுவுல வர்ற புற்றுநோய்" என்றார் டாக்டரம்மா.

"ஜீன்ல மாற்றம் இருக்குன்னீங்களே. ஜீன்னா பரம்பரைதானே?" அம்மா விடவில்லை.

"எல்லா மாற்றமும் பரம்பரை இல்லம்மா. இது அவர் பிறக்கறப்போ இல்ல, பின்னால ஒரே ஒரு செல்லுல வந்த கோளாறு. எந்த மாதிரி மாற்றம்னு பார்த்தா, அந்த செல் எங்கேர்ந்து கிளம்பினதுன்னு தெரியும். இவருக்கு நெறி கட்டற நிணநீர்க் கணுவோட நடுவுலேர்ந்து கிளம்பியிருக்கு. பெரும்பாலும் மருந்துக்கு அடங்கற வகைதான்."

"அப்ப எங்க பக்கம் இல்ல" என்றாள் அம்மா.

"அதெப்படி? மூக்கு உன்னுது, முன்கோபம் உன்னுது. இது மட்டும் யாருதாம்?"

டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. மகனை ரத்தம் கொடுக்கப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். கதவு மூடியதும் குரலை உயர்த்தினார்.

"பெத்தவங்கதானே நீங்க? அவர் முன்னால இப்படியா அடிச்சுக்கறது?"

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அப்பா எழுந்து கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"பெத்தவங்க இல்ல டாக்டர்" என்றார் மெதுவாக. "கைக்குழந்தையா எடுத்து வளர்த்தோம். அவனுக்குத் தெரியாது."

"எந்த வழின்னு அவன் கேட்டதும் தெரிஞ்சுபோச்சோன்னு பயந்துட்டேன்" என்றாள் அம்மா. "பேசாம இருந்தா சந்தேகம் வந்துடுமே. அதான் வாய்க்கு வந்ததைச் சொல்லி இவரோட மல்லுக்கு நின்னேன். இவரும் புரிஞ்சுக்கிட்டார்."

"உங்க வாயால எதுவும் வந்துடக் கூடாது" என்று கும்பிட்டார் அப்பா. டாக்டரம்மா தலையசைத்தார். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்து வாங்கப் போனார்கள்.

முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு மகன் உள்ளே வந்தான்.

"மன்னிச்சுக்கோங்க டாக்டர். பரம்பரை இல்லேன்னு படிச்சுட்டுத்தான் வந்தேன். வியாதி பேரைக் கேட்டதுலேர்ந்து ரெண்டு பேரும் ஊமையாயிட்டாங்க. சண்டை மூட்டி விட்டாலாவது பழையபடி பேசுவாங்கன்னு கேட்டுப் பார்த்தேன்."

"பேசினாங்க, பேசினாங்க" என்றார் டாக்டரம்மா.

"இன்னொண்ணு." அவன் கதவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "பின்னால ஸ்டெம் செல் ஏதாவது தேவைப்பட்டா எங்க சொந்தத்துல தேடாதீங்க, பொருந்தாது. நான் தத்துப்பிள்ளைன்னு பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே எனக்குத் தெரியும். அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க."