பலகைக்குக் குளிரும்

வந்திருந்தவர்கள்: லாட்ஜ் முதலாளி இராமலிங்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மரியசூசை, பேரிக்காய் வியாபாரி தண்டாயுதபாணி, பியானோ டீச்சர் இசபெல்லா.

லாட்ஜ் கூடத்தில் விறகு எரியும் கணப்பைச் சுற்றி நான்கே நாற்காலி.

ஐந்தாவதாக ஓர் ஆளும் இருந்தான். போர்டு எழுதுகிற வேலப்பன். கதவோரம் நின்றதால் கணக்கில் வரவில்லை.

கொடைக்கானல் எல்லையில் நிறுத்த ஒரு வரவேற்புப் பலகை. அதில் ஒரே ஒரு வரி. இந்த ஊரில் நாம் எதை அதிகம் நேசிக்கிறோம் என்று அந்த நால்வர் கமிட்டி முடிவு செய்துவிட்டால், வேலப்பன் அதை எழுதிவிட்டு அடிவாரத்துக்கு இறங்கும் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவான்.

பிடித்தே ஆகவேண்டும். அவன் அடிவாரத்துப் பாலசமுத்திரத்துக்காரன். அங்கேயே மார்கழி பிறந்தால் இளைப்பு வாங்கும். போன தடவை இந்த மலையில் ஒரு ராத்திரி தங்கப்போய், மூச்சு நின்று நின்று வந்தது. இன்னொரு தரம் மேலே ராத்தங்கினால் என்னிடம் வராதே, நேரே சுடுகாட்டுக்குப் போய்விடு என்று டாக்டர் நல்ல மனசோடு சொல்லியிருந்தார்.

காலையில் கூடிய கமிட்டி மத்தியானம் ஆகியும் வரியைப் பெற்றெடுக்கவில்லை.

மரியசூசை சார் மூடுபனி என்றார். அது ஜன்னல் வழியே வந்து நெற்றியைத் தொடும்போது பரலோகமே தெரியுமாம். சொல்லி முடித்ததும், ஜன்னல் இடுக்கில் அடைத்திருந்த சாக்கு நழுவியிருப்பதைப் பார்த்துப் பதறி, எழுந்துபோய் இறுக்கிச் செருகினார். திரும்பி வருவதற்குள் இசபெல்லா டீச்சரின் நாற்காலி நெருப்பை நோக்கி ஒரு சாண் நகர்ந்திருந்தது.

டீச்சருக்கு ஏரி. கடைசியாக ஏரிக்கரைக்கு எப்போது போனீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவரும் திருப்பிக் கேட்பார்.

தண்டாயுதபாணிக்குக் குறிஞ்சி. அது போன வருஷம்தான் பூத்து ஓய்ந்தது, இனி பதினோரு வருஷம் கழித்து வாருங்கள் என்று சீசன்காரர்களுக்கு எழுதி வைப்பதா என்றார் இராமலிங்கம். அந்தச் சண்டையில் வெயில் இறங்கிவிட்டது.

ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க, வெரசா எழுதிட்டு எறங்கிர்றேன் என்று வேலப்பன் கெஞ்சிப் பார்த்தான். ஊர்ப்பற்றை அவசரப்படுத்தக் கூடாது என்றார் தலைமையாசிரியர்.

கடைசியில் இராமலிங்கம்தான் கண்டுபிடித்தார். பனியும் ஏரியும் பூவும் கடவுள் போட்டது. நாம் போட்டது என்ன? அன்பு. வந்தவனை வாரி அணைக்கிற மனசு.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களிடம் அப்படி ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்ததுபோல் தலையாட்டினார்கள்.

குளிரும் அன்பும் குறையாத ஊர்.

ஒருமனதாகத் தீர்மானம். கீழ்த் திருப்பத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு கடைசி பஸ் இறங்கிப் போவதும் கேட்டது.

வேலப்பன் எழுதினான். குளிரிலும் எழுத்து கோணவில்லை. 'அன்பும்' சிவப்பில் இருக்கட்டும் என்றார்கள். சிவப்பிலேயே எழுதினான்.

முடிக்கும்போது இருட்டிவிட்டது. பொட்டு மேகமில்லாத வானம். விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கப்போகிற ராத்திரி. பஜாரில் அவனுக்குத் தெரிந்த ஒரே டீக்கடைக்காரனும் சீசன் முடிந்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு மலையிறங்கியிருந்தான்.

ஓர் அறை கேட்டுப் பார்த்தான். சுவரில் அத்தனை அறைச் சாவியும் வரிசையாகத் தொங்கின. ஏப்ரல் வரைக்கும் அறை திறப்பதில்லை, ஒருவனுக்குத் திறந்தால் அதுவே வழக்கமாகிவிடும் என்று இராமலிங்கம் வருத்தத்தோடு விளக்கினார். வருத்தம் நிஜமானதுதான்.

அப்போதுதான் வேலப்பனுக்கு ஒரு யோசனை வந்தது.

“இந்தக் குளிர்ல பெயிண்ட் காயாதுங்க. ராத்திரி முச்சூடும் கணப்புப் பக்கத்துல வச்சு, ஒரு ஆளு கூடவே கெடந்து பாத்துக்கிறணும்.”

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கணப்புக்கு முன்னால் தன் உடம்புக்கான இடத்தைக் கண்ணால் அளந்தும் வைத்துவிட்டான்.



மரியசூசை சார் நெஞ்சில் கைவைத்தார். ஊருக்காக ஒரு ராத்திரி கண்விழிக்க மாட்டேனா என்றார். சாருக்கு வயசாகிவிட்டது, நான் இருக்கிறேன் என்றார் தண்டாயுதபாணி. நாலு பேருமாக இருந்தால் யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள் என்ற இசபெல்லா டீச்சர், ஏற்கெனவே சால்வையைப் பிரித்துக் காலில் போர்த்திக்கொண்டிருந்தார்.

இராமலிங்கம் ஒன்றாம் நம்பர் அறையைத் திறந்தார். கம்பளி ஒன்றை எடுத்துக்கொண்டு, அறையை மறுபடி பூட்டினார். பலகையை நெருப்புக்கு முகம் காட்டி நிறுத்தி, பின்பக்கம் குளிர் படாமல் கம்பளியைப் போர்த்திவிட்டார். தைலமரக் கட்டை இரண்டைப் புதிதாகப் போட்டார்.

“நீ கவலப்படாமப் போயிட்டு வா வேலப்பா. பலகைய நாங்க பாத்துக்கிறோம்.”

முதுகில் தட்டிக்கொடுத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

படியிறங்கும்போதே வேலப்பனுக்கு மூச்சு விசிலடித்தது. எனாமல் பெயிண்டைச் சும்மா சுவரோரம் சாத்தி வைத்தாலே மெதுவாகக் காய்ந்துவிடும். தீக்குக் காட்டினால்தான் விடிவதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிடும். அதைச் சொல்லிவிடலாம் என்று திரும்பினான்.

உள்ளே குளிர் வந்துவிடக் கூடாதென்று அதற்குள் இராமலிங்கம் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பிவிட்டார்.