வெறும் கட்டம்

"எல்லாரும் இருக்காவ, எனக்கு மட்டும் வெறும் கட்டமா? நான் நம்ம வீட்டுல பொறக்கலையா யண்ணே?"

போனில் முத்துச்செல்வி கத்திய கத்தலில் சண்முகராஜ் ரிசீவரைக் காதோடு சேர்த்து அமுக்கிக்கொண்டான். எதிர் நாற்காலியில் பெரியப்பா பூவனலிங்கம் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றான் தங்கையிடம்.

"அண்ணாச்சியா? ஓஹோ, பக்கத்துல ஆளு இருக்கோ! இருந்துட்டுப் போட்டும். இன்னைக்குக் கேக்காம விட மாட்டேன்."

கோவில்பட்டியில் அவர்களுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. கணக்குப் போட வாங்கின கம்ப்யூட்டரில் நாள் கணக்காக உட்கார்ந்து, குடும்ப வம்சாவளியை இன்டர்நெட்டில் ஏற்றியிருந்தான் சண்முகராஜ். சென்னை, துபாய் என்று கிடக்கிற சொந்தக்காரர்கள் பார்க்கலாம். சொந்தம் இல்லாதவர்களும் பார்க்கலாம்.

முத்துச்செல்வியும் பார்த்துவிட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். இப்போது புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் புருஷனோடு தைத்துக்கொண்டிருக்கிறாள். அது வீட்டில் சண்முகராஜுக்கு மட்டும்தான் தெரியும்.

"பிரௌசிங் சென்டர்ல எம்புள்ளையை மடியில வச்சுக்கிட்டு, இந்தா பாரு உங்க மாமான்னு காட்டுதேன். உன் போட்டோ இருக்கு. பெரியப்பா மீசையை முறுக்கிக்கிட்டு நிக்காவ. போன மாசம் பொறந்த பிள்ளைக்குக்கூட போட்டோ, ஊரு, தேதி எல்லாம் போட்டிருக்கு. நீ எங்கம்மான்னு எம்புள்ளை கேக்கான். என்னத்தைக் காட்ட? சாம்பல் கலர்ல ஒரு கட்டம். பேருகூட இல்ல!"

"சரக்கு அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. மாத்த முடியாது."

"நான் சரக்கா? அன்னைக்குப் பெரியப்பா எனக்குக் கருமாதி பண்ணும்போது நீ மட்டும் வந்து ஒக்காரலன்னு கேள்விப்பட்டு அழுதேன். பாசம்னு நெனச்சேன். நீயும் அந்தக் கூட்டந்தான? வெக்கமா இல்ல?"

சண்முகராஜுக்கு முகம் சிவந்தது. நாக்கு நுனி வரை வந்த பதிலைப் பெரியப்பாவைப் பார்த்து விழுங்கினான்.

"யாருலே போன்ல?"

"சிவகாசிப் பார்ட்டி. வத்தல்ல ஈரம்னு சத்தம் போடுதாரு."

"அவரு கெடக்காரு. நீ அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் போடு."

சண்முகராஜ் ரிசீவரை மேசைமேல் வைத்தான். போனை வைக்கவில்லை.

பெரியப்பா நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டார். உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கருமாதிச் சாப்பாடு போட்டு, தானும் வடையைக் கேட்டு வாங்கித் தின்ற மனுஷர்.

"எல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்க. உங்கப்பனுக்குக் கீழ ஒரு கட்டம் இருட்டாக் கெடக்கே, அது அந்த ஓடுகாலிதான?"

சண்முகராஜ் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அதைத் தொற. அவ எந்த ஊர்ல இருக்கான்னு உள்ள போட்டுத்தான் வச்சிருப்ப. ஊரு தெரிஞ்சாப் போதும், மிச்சத்தை நம்ம பயலுவ பாத்துக்கிடுவானுவ. குலசாமி கோயில் கொடைக்கு முன்னால கதையை முடிச்சிரணும்."

மேசைமேல் கிடந்த ரிசீவரில் கத்தல் நின்றுபோனது.

"தொறக்காது பெரியப்பா."

"ஏம்லே?"

"உயிரோட இருக்கவங்க பேரு, ஊரு எதையும் அந்த வெப்சைட்காரன் வெளிய காட்ட மாட்டான். அது அவன் வச்ச சட்டம். அவ பேரு, அவ புருஷன் பேரு, பிள்ளை பேரு, ஊரு எல்லாம் உள்ளதான் இருக்கு. யாரு பாத்தாலும் கட்டம் மட்டுந்தான் தெரியும்."

"அவளுக்குத்தான் கருமாதியே பண்ணியாச்சே! செத்துட்டான்னு போடு."

"போட்டா அம்புட்டும் வெளிய வந்துரும். போட மாட்டேன்."

"போட மாட்டியா?" பெரியப்பாவின் தோளிலிருந்து துண்டு கைக்கு வந்தது. "யாருகிட்ட கதை விடுத? உயிரோட இருக்கவங்களைக் காட்ட மாட்டான்னா, என் போட்டோவை எப்படிலே காட்டுதான்? உன் போட்டோவை எப்படிக் காட்டுதான்? நான் என்ன கேனப்பயலா?"

சண்முகராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஆறு வருஷமாக அடக்கி வைத்த கோபம்.

"மொதல்ல உங்களுக்கும் வெறும் கட்டந்தான் வந்துச்சு. எம்மூஞ்சி எங்கலே, எம்மூஞ்சி எங்கலேன்னு இந்தக் கடையில வந்து குதிச்சது யாரு? நீங்கதான? செத்தவங்களைத்தான் காட்டுவான்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. அதனால எல்லாரையும் செத்துட்டாங்கன்னு போட்டேன். உங்களை, என்னை, பெரியம்மையை, எல்லாரையும்."

பெரியப்பா வாயைத் திறந்தபடி, திரையில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற தன்னையே பார்த்தார்.

சண்முகராஜ் ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரியப்பாவைப் பார்த்தே சொன்னான்.

"அவளை மட்டும் தொடல. இதுல பாத்தா, நம்ம குடும்பத்துல இன்னைக்கு உயிரோட இருக்கது அவ ஒருத்திதான்."