ஆறினால் ஓடும்

“ஓடுதுல்ல? அப்போ இதுல ஒரு கோளாறும் இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்கண்ணே.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மாளைப் பார்த்தார். முப்பது வருஷமாகப் படகு மோட்டார் பிரிக்கிறவர் அவர். கோளாறு என்னவென்று எழுதித் தரச் சொன்னவர்கள் உண்டு. கோளாறே இல்லையென்று எழுதித் தரச் சொன்னவர் இவர்தான் முதல் ஆள்.

காலையில் கடை திறந்ததுமே ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா, அதைக் கழற்றி வைக்கக்கூட மறந்துவிட்டார் போல. கூடவே சாக்கில் சுற்றிய ஒரு மோட்டார். மெக்கானிக்கின் வயது இருக்கும் அதற்கு.

எட்டு வருஷம் சும்மா கிடந்ததாம். கயிற்றை இழுத்தால் உயிரே இல்லை. பிரித்துப் பார்த்தால் பொறியைக் கிளப்பும் பாயின்ட் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளி சரி பார்த்து, புது பிளக் மாட்டினார். நீலமாகப் பொறி பறந்தது. தண்ணீர் டிரம்மில் வைத்து இழுத்தால் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

“விக்கப் போறீங்களாம்மா?”

“இல்லண்ணே.”

“வாங்கப் போறீங்களா?”

“அதுவும் இல்ல. அந்தப் பச்சை பூத்திருந்துச்சே, அது எட்டு வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்குமா?”

“சும்மா கிடந்ததால வந்ததும்மா. ஓடிட்டிருந்த மோட்டார்ல அது வராது.”

“அப்போ எழுதிக் குடுங்க.”

மெக்கானிக் பேனாவைத் தேடி எடுத்தார். இரண்டு வரி எழுதுவதற்குள் அந்த அம்மாளே கையை நீட்டித் தடுத்தார்.

“இருங்கண்ணே. ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாக்கச் சொன்னாங்க. அதையும் பாத்துடலாம்.”

சரி, ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

இருபத்தைந்தாவது நிமிஷம் மோட்டார் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

பெட்ரோல் இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி இல்லை. வயரை அசைத்தார், பாயின்ட்டைப் பார்த்தார். எல்லாம் காலையில் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. தலையைச் சொறிந்தபடி டீ குடித்துவிட்டு வந்து, சும்மா ஒரு இழுப்பு இழுத்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

“என்னண்ணே இது?”

“எனக்கும் தெரியலம்மா.”

மறுபடி இருபது நிமிஷம். மறுபடி நின்றது. மெக்கானிக்குக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. தற்செயலாக, பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைத் தொட்டவர் வெடுக்கென்று விரலை எடுத்தார். கொதித்துக்கொண்டிருந்தது. அலமாரியில் கிடந்த ஒரு பழைய காயிலை மாட்டி ஓட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் தாண்டியும் மோட்டார் நிற்கவில்லை.

“பிடிச்சுட்டேம்மா. இந்தக் காயிலுக்குள்ள கம்பி எங்கேயோ விட்டிருக்கு. சூடேறினா பொறி வராது, ஆறினா வந்துடும். பழசுல இது ஒரு தொல்லை.”

அந்த அம்மாள் ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். “இது முன்னாடியே இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும். உள்ள இருக்கிற பழைய விரிசல் இது.”

“நடுத் தண்ணியில நின்னுட்டு, மறுநாள் காலையில யார் இழுத்தாலும் ஓடுமா?”

“ஒரே இழுப்புல ஓடும். நின்னுச்சுன்னு சத்தியம் பண்ணாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாளின் முகம் வெளுத்திருந்தது. கோளாறு அகப்பட்டால் சந்தோஷப்படுவார்கள், செலவு என்றால் சலித்துக்கொள்வார்கள். இது இரண்டிலும் சேரவில்லை.

“புது காயில் வரவழைச்சு மாட்டிடலாம்மா.”

“வேண்டாம். அந்தக் கெட்ட காயிலையே திருப்பி மாட்டிடுங்க.”

“ஓடாத மோட்டாரை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?”

அந்த அம்மாள் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி எங்கம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்துச்சு. ஆஸ்பத்திரி அக்கரையில. தம்பி இந்த மோட்டார் மாட்டியிருந்த படகை எடுத்துட்டு டாக்டரைக் கூட்டிட்டு வரப் போனான். விடிஞ்சுதான் வந்தான். அதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. மோட்டார் பாதியில நின்னுடுச்சு, இருட்டுல நீரோட்டம் எங்கேயோ இழுத்துட்டுப் போயிடுச்சுன்னு அழுதான். கரையிலேயே ஊர்க்காரங்க இழுத்துப் பாத்தாங்க, ஓடிச்சு. எங்கேயோ குடிச்சுட்டுக் கிடந்துட்டு வந்து பொய் சொல்றான்னு பேச்சாயிடுச்சு. அன்னையிலிருந்து அவன் தண்ணியில இறங்கவே இல்ல. நேத்து அவன் பொண்டாட்டி இந்த மோட்டாரைக் கொண்டுவந்து வாசல்ல வெச்சுட்டு, ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாருங்க அண்ணின்னு மட்டும் சொல்லிட்டுப் போனா.”

மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. காலையிலிருந்து புரியாமல் இருந்ததெல்லாம் இப்போது புரிந்துவிட்டதாகத் தோன்றியது. எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டார்.

“தம்பி மேல தப்பில்லைன்னு நான் எழுதித் தர்றேன். நம்பாதவங்க மூஞ்சியில கொண்டுபோய்க் காட்டுங்கம்மா. கூடப் பிறந்தவங்க நீங்க ஒருத்தராவது அவர் பக்கம் நின்னீங்களே.”

“நான் நிக்கலண்ணே,” என்றார் அந்த அம்மாள். “அம்மா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பாக்கணும்னு வந்தவனை, பொய்யனுக்கு இங்க என்ன வேலைன்னு வாசலோட திருப்பி அனுப்பினது நான்தான்.”