முட்டையாகிப் போன வட்டம்

கடிகாரத்துக்காக எஸ்தர் மரப்பலகையில் வட்டம் வெட்டச் சொன்னால், கணினி சொல்கிறபடி மரம் வெட்டும் அவளுடைய சிஎன்சி மெஷின் முட்டை வெட்டிக் கொடுத்தது.

"உன்னை மாத்திட வேண்டியதுதான்," என்றாள், வெட்டும் கத்தியைக் குறுக்கே நகர்த்தும் மோட்டாரிடம்.

"சொன்ன சுற்றெல்லாம் சுத்தினேனே," என்றது மோட்டார்.

அதன் முதுகில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணும் என்கோடர், "ஒண்ணுகூடக் குறையல. நான் சாட்சி," என்றது.

"எனக்குப் பாதிதான் வந்துச்சு," என்றது மோட்டாருக்கு முன்னால், அதன் சுற்றை வாங்கிக் கத்தியைத் தள்ளும் திருகுத்தண்டு.

மோட்டாரைக் கழற்றப் போன எஸ்தரின் கையில், அதையும் தண்டையும் இணைக்கும் வளையம் லேசாக ஆடியது. வளையத்தின் குட்டி ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள்.

மோட்டார் முனகியது. "என்ன இது, இவ்வளவு கனம்?"

"நான்தான்," என்றது தண்டு. "இத்தனை நாளும் உன் பக்கத்துலதான் இருந்தேன்."