மூடி போட்ட கேமரா

கோதண்டம் உயில் எழுதாமலே செத்துப்போனார். கோவில்பதாகை வீடு இளையவன் அசோக்குக்குத்தான் என்று அவர் சொன்னது ஒரே ஒரு கேமரா கேசட்டில்தான் இருந்தது. கேசட் மூத்த மகன் ஹேமநாதனிடம் இருந்தது.

"நாளைக்கு எல்லார் எதிர்லயும் அத்த போட்டுக் காட்டு," என்று அசோக் வாசலில் நின்று கத்தினான்.

"காட்டறேன், போடா," என்று ஹேமநாதன் கதவை அறைந்து சாத்தினான்.

இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவனுக்கு அழிக்கவா தெரியாது? மேலே பதிய விடாமல் தடுக்கும் கேசட்டின் பாதுகாப்புத் தாழைத் தள்ளினான். லென்ஸுக்கு மூடி போட்டான். சத்தம் பதியாமலிருக்க மைக் துளையில் ஒயர் இல்லாத வெறும் பின்னைச் செருகினான். பழைய பதிவின் மேலேயே ரெக்கார்டை அழுத்திவிட்டு, எதிரே நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

பிறகு ஓட்டிப் பார்த்தான். ஒரே கறுப்பு, சத்தமே இல்லை. திருப்தியாக இருந்தது.

ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் திரை வெளுத்தது. இதே அறை, இதே நாற்காலி. அதில் தலைகுனிந்து அவன். படம் பிடிப்பவர் இருமினார். அப்பாவின் இருமல்.

"மூஞ்சியத் தூக்குடா, பேமானி. அசோக்கு நல்லா பாக்கட்டும்."

ஹேமநாதன் கேமராவைத் திருப்பிப் பார்த்தான். மூடி லென்ஸில் அப்படியே இருந்தது.

திரையில் இருந்தவன் மெல்ல முகத்தைத் தூக்கினான்.