கண்கொத்திக்கு ஒரு வழி

"அவர் வீட்டுக்குப் போற அந்த ஒரு வழியை மட்டும் அடைச்சிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள். தூக்கினால் மேலே கேமரா இருக்கிறதே.

தையல் கம்பெனிக்குப் புது ஃபயர்வால் மாட்ட வந்திருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவர் என்றால் முதலாளி. அங்கே தைக்கிற பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கண்கொத்தி. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகிறவர் திரும்பி வருவதில்லையாம். இரண்டு தெரு தள்ளி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, போனிலேயே கேமராவைப் பார்க்கிறாராம். போன வாரம் ஒரு சின்னப் பெண்ணை, நேற்று ஏன் எல்லாரும் போன பிறகு கடைசியாகக் கிளம்பினாய் என்று காலையில் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாராம். பார்க்காமல் எப்படித் தெரியும்?

"எனக்கு முட்டி வலி. காலை நீட்டணும்னாகூட கேமராவைக் கும்பிட்டுட்டுத்தான் நீட்டுறேன். இந்த வயசுல வேலை போச்சுன்னா யார் கொடுப்பா, சொல்லு?" என்றாள் அக்கா.

அந்தக் குரல் நெட்வொர்க் பெண்ணை என்னவோ செய்தது.

அவள் வேலை ஒன்றும் மந்திரமில்லை. வெளி உலகத்துக்கு அந்தக் கம்பெனிக்கு ஒரே ஒரு விலாசம். உள்ளே ஒவ்வொரு மிஷினுக்கும் தனித்தனி நம்பர். ஆர்டர் என்று யாராவது வெளியிலிருந்து வந்தால் இந்த நம்பருக்கு அனுப்பு, கணக்கு என்று வந்தால் அந்த நம்பருக்கு அனுப்பு என்று ஃபயர்வாலிடம் வரி வரியாகச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாத எதையும் அது வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். வாட்ச்மேன் மாதிரிதான். என்ன, இது தூங்காது.

பழைய ஃபயர்வால் பெட்டியில் இருந்த வரிகளை அப்படியே புதுப் பெட்டியில் ஏற்றினாள். ஆர்டர், கணக்கு. அடுத்தது கேமரா என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு நம்பர்.

அதன் மேல் கை கொஞ்சம் நின்றது. ஒரு வரியை விட்டால் போதும், பொய்கூடச் சொல்ல வேண்டாம். கேட்டால் மறந்துவிட்டது என்றால் போயிற்று. அது பொய்யில் சேராதா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, அந்த வரியை விட்டுவிட்டாள்.

மத்தியானம் முதலாளி வீட்டுக்குக் கிளம்பிப் போனார். இப்போது போன் வரும், அப்போது போன் வரும் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டே தைத்தார்கள். ஒன்றும் வரவில்லை. அக்கா மெதுவாக ஒரு காலை நீட்டினாள். அப்புறம் அடுத்த காலையும். மூலையில் யாரோ பாடக்கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நிஜமாவே அடைஞ்சிடுச்சு போலிருக்கே. உனக்கு நல்ல மாப்பிள்ளையா வருவான், பாரு" என்றாள் அக்கா.

சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் எல்லாரும் எதிரே பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். நெட்வொர்க் பெண்ணும் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். வழி திறந்திருக்கிறதா என்று உள்ளே உட்கார்ந்து பார்த்தால் சரியாகத் தெரியாது. வெளியாள் மாதிரி வெளியில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

அப்போது முதலாளி ஓட்டமும் நடையுமாக வந்தார். வீட்டு லுங்கி. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. நேராகப் போய் அங்கே நின்ற வேனுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்.

அக்கா இந்தப் பெண்ணைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். வழியை அடைத்தால் ஆளே வந்து நிற்கிறார் பார், என்று அதற்கு அர்த்தம்.

பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். முட்டி வலியால் அக்கா கடைசி. அவள் உட்கார்ந்து, பஸ் திருப்பம் திரும்பும்வரை வேனுக்குப் பின்னால் அசைவே இல்லை. அதன் பிறகுதான் முதலாளி வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா, என் போன்ல கேமரா வரலையே?"

"மத்தியானத்துலேருந்தே வந்திருக்காதே சார். நீங்க கேட்கவே இல்லையே?"

"மத்தியானம் எனக்கு எதுக்கு? நான் தூங்குவேன்."

அவள் உள்ளே போய்ப் பழைய பெட்டியின் வரியைத் திறந்தாள். அந்த நம்பர் எந்தக் கேமரா என்று அப்போதுதான் பார்த்தாள். தையல் ஹால் கேமராவே இல்லை. கேட்டுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து மாட்டியிருந்த கேமரா.

"ஹால் கேமராவுக்கு வெளியிலிருந்து வழியே இல்லையே சார்?"

"அதை யார் பார்க்கிறது? நான் பார்த்தா மட்டும் காஜா தானா விழுந்துடுமா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "இதை அவங்ககிட்ட சொல்லிடாதே தாயி. அப்புறம் ஒரு பட்டன் நேரா இருக்காது."

அவள் விட்டுப்போன வரியைச் சேர்த்தாள். அவர் போனில் தெரு தெரிந்தது. காலியாகக் கிடந்த பஸ் நிறுத்தத்தையே அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணும் வேற ஊர்ல இந்நேரத்துக்குத்தான் வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிறா. அந்தத் தெருவுலயும் ஒரு கண்கொத்தி இருக்கணும்னு தினமும் சாமியைக் கும்பிடுறேன்" என்றார்.