யாஸ்குல் என்கிற திருடி

"திருடி! பச்சைத் திருடி! எந்த ஊர்க்காரியோ, நம்ம சமையக்கட்டுல புகுந்து கொதிக்கிற சட்டியைக் கரண்டியோட தூக்கிட்டுப் போயிருக்கா!"

பேராசிரியர் பெய்ஷெனாலி மேசையில் ஓங்கிக் குத்தினார். கிண்ணத்துத் தேநீர் துள்ளி அவர் சட்டையிலேயே விழுந்தது. பிஷ்கெக் சந்தையில் அப்பாவோடு ஆட்டுத்தோல் பேரம் பேசி வளர்ந்த குரல். மூன்று அறைக்குக் கேட்கும்.

ஜாஸ்குல் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

அவளுக்கு வேறு கவலை. யாருடைய கட்டுரைகளை உலகம் மேற்கோள் காட்டவில்லையோ, அவர்களுடைய ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. நாயிடமிருந்து தொற்றி, மேய்ப்பர் வீட்டுப் பிள்ளைகளின் ஈரலில் நீர்க்கட்டியாக வளர்கிற நோய்தான் அவளுடைய ஆராய்ச்சி. மேற்கோள் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே மூன்று என்று போட்டிருந்தது. அந்த மூன்றும் பேராசிரியரே காட்டியது. பட்டியல் இன்று மாலைக்குள் போயாக வேண்டும்.

"அகாய், என் பட்டியல்ல பாதியைக் காணோம்..." ஆசிரியரை அங்கே 'அகாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எப்படி இருக்கும்? அதான் ஒருத்தி அள்ளிட்டுப் போயிட்டாளே!"

"யாரு அகாய்?"

"வா, வந்து பாரு கூத்தை!" கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "நாரின் மலையில நம்ம ஆட்டு ஈரலைத் தின்ன நாய். நம்ம பிள்ளைங்க ஈரல். நம்ம ஊர்க் கட்டி! ஆராய்ச்சி மட்டும் அவளோடதாம். ஜப்பான்காரன் மேற்கோள் காட்டுறான், பிரேசில்காரன் காட்டுறான், ஆட்டைப் படத்துல மட்டும் பார்த்தவனெல்லாம் காட்டுறான்! உனக்கு மூணு. அவளுக்கு நானூத்திச் சொச்சம்!"

"பேரு என்ன?"

"யாஸ்குல் யோல்தோஷோவா! உன் பேரையே லேசா வளைச்சு வச்சிருக்கா, பாத்தியா? துருக்கிக்காரியா இருக்கணும். இல்லேன்னா ஜெர்மன்காரனைக் கட்டிக்கிட்ட தத்தார் பொம்பளை. புகார் எழுதி வச்சுட்டேன். நீ எனக்குப் பொண்ணு மாதிரி. பனியில குதிரை மேல போய் நீ பாடுபட்டதை எவளோ உக்காந்து திங்கிறதா? அடுத்தவ உழைப்புல பேரு வாங்கறவளை நான் சும்மா விடமாட்டேன்!"

ஜாஸ்குலுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரையா இத்தனை நாள் முசுடு, கஞ்சன் என்று மனசுக்குள் திட்டினோம்?

மூலையில் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த துறைச் செயலாளர் சைரா அக்கா எட்டித் திரையைப் பார்த்தாள். வாயிலிருந்த போர்சோக் ரொட்டி அவளுக்குப் புரையேறியது.

"அகாய், பள்ளிக்கூடத்துல நீங்க என்ன பாஷை படிச்சீங்க?"

"ஜெர்மன். அஞ்சுக்கு அஞ்சு வாங்கினவன் நான்! அதுக்கென்ன இப்போ?"

"அதான் வினை. ஜெர்மன்காரன்தான் அந்த முதல் எழுத்து 'ஜே'யை 'ய'ன்னு படிப்பான். இங்கிலீஷ்ல அது 'ஜ'. இப்பப் படிங்க."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "ஜாஸ்... குல்... ஜொல்... தோ..."

நிமிர்ந்து ஜாஸ்குலைப் பார்த்தார்.

"உன் சொந்தக்காரியா?"

"நான்தான் அகாய்!"

"அப்ப மூணு வாங்கினவ?"

"அவளும் நான்தான். நம்ம ஊர் இதழ்ல ரஷ்ய வழக்கப்படி என் பேரை 'இசட்'ல ஆரம்பிக்கிறாங்க. வெளிநாட்டுக்கு அனுப்பினதுல நான் 'ஜே' போட்டேன். நம்ம எழுத்து ஒண்ணுதான். எல்லை தாண்டினதும் ரெண்டு பொம்பளையாயிடுது."

"ரெண்டும் ஒருத்திதான்னு அத்தாட்சி இருக்கா?"

"எதிர்ல நிக்கிறாளே, போதாதா?" என்றாள் சைரா.

"என் எதிர்ல நிக்கிறா. மேலிடத்து எதிர்லயா நிக்கிறா?"

"அதுக்குத்தான் துறைத் தலைவர்னு நீங்க இருக்கீங்க. ஒரே ஆள்தான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, ரெண்டு கணக்கையும் சேர்த்துடுவாங்க. ஆய்வுக்கூடம் பிழைச்சுக்கும்."

பேராசிரியர் முகம் மலர்ந்தது. "அடி சக்கை! நானூறு மேற்கோள் நம்ம துறைக்கா? நல்ல சேதி சொன்னவளுக்கு ஒரு ஆடு, சைரா! ஜாஸ்குல், உனக்கு..."

"எனக்குக் கையெழுத்துப் போதும் அகாய்."

பேனாவைத் திறந்தார். சந்தோஷத்தில், நானூறு வாங்கிய கட்டுரைகளை ஒரு தடவை கண்ணாரப் பார்த்துவிடலாம் என்று திரையை உருட்டினார்.

இசட்காரியின் கட்டுரைகளில் முதல் பேர் பெய்ஷெனாலி. அடுத்தது பல்கலைக்கழகத்துக்கே தலைவரான ரெக்டர். அதற்கடுத்தது ரெக்டரின் மருமகன், அவர் பல் டாக்டர். வாலில் ஜாஸ்குல்.

ஜேகாரியின் கட்டுரைகளில் முதல் பேர் ஜாஸ்குல். அடுத்தது, அவளோடு வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்த மலைக்கிராமத்து நர்ஸ். அத்தோடு சரி.

பேராசிரியர் மேலிருந்து கீழே உருட்டினார். கீழிருந்து மேலே உருட்டினார். தப்பித் தவறி அடிக்குறிப்பில் இருக்கிறதா என்று அதையும் பார்த்தார்.

பேனாவை மூடினார்.

"அகாய்... கையெழுத்து..." ஜாஸ்குல் மெல்ல இழுத்தாள். "மணியாகுது."

"போடலாம்மா, போடலாம். உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லே. நீ தங்கமான பொண்ணு." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "ஆனா அந்த யாஸ்குல்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. ஒரு கட்டுரையிலகூட என் பேரைக் காணோம். மரியாதையா மொதல்ல அதைச் சரிபண்ணச் சொல்லு!"